டிம்மரைக் குற்றம் சொல்லும் முன்

விளக்கு மினுக்குகிறது. குறைத்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. சுவருக்குள் உர்ரென்று சத்தம் வருகிறது. அணைத்த பிறகும் லேசாக எரிகிறது. திருச்சியில் தில்லைநகர் அடுக்ககங்களிலும் ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளிலும் வயரிங் வேலை பார்க்கும் எனக்கு டிம்மர் பற்றிய இந்த நான்கு புகார்களும் மனப்பாடம். புகாரைச் சொல்லி முடிப்பதற்குள், "டிம்மரை மாத்திடுங்க" என்று தீர்ப்பும் வந்துவிடும். ஆனால் நான் பார்த்த வீடுகளில் டிம்மரே பழுதாகி இருந்தவை குறைவு. பல்பு, சுமை, இணைப்பு, வீட்டுக்குள் வரும் மின்சாரம் என்று இந்த வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால் காரணம் தானாகக் கையில் சிக்கும். வரிசையை மாற்றி முதலில் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் காசும் போகும், மினுக்கலும் போகாது.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. டிம்மர் தொல்லை கொடுத்ததும் பல வீடுகளில் அதைக் கழற்றிவிட்டுச் சாதா சுவிட்ச் போட்டுக்கொள்கிறார்கள். அதன் பிறகு இரவு முழுவதும் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை வெளிச்சம், அல்லது கும்மிருட்டு. கைக்குழந்தைக்கு நடு இரவில் பால் கொடுக்கும் தாய்க்கும், தூக்கத்தில் எழுந்து கழிவறைக்குத் தடவித் தடவிப் போகும் பெரியவருக்கும் இரண்டுமே உதவாது. அவர்களுக்குத் தேவை அடக்கமான, நடுங்காத வெளிச்சம். அதைத் தர டிம்மரால் முடியும். அதற்கேற்ற துணைகள் அமைய வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது அலை நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் என்ற சிறு பாகம் ஒவ்வொரு அரை அலையிலும் கொஞ்ச நேரம் மின்சாரத்தை நிறுத்தி வைத்து, பிறகு விடுகிறது. ஓர் அரை அலையின் நீளம் 10 மில்லி நொடி. குமிழைத் திருகும்போது நாம் மாற்றுவது அந்தக் காத்திருப்பு நேரத்தைத்தான். அதிகம் காத்திருந்தால் வெளிச்சம் குறையும், குறைவாகக் காத்திருந்தால் கூடும்.

இந்த முறையில் வீட்டுச் சுவருக்கு ஏற்ற டிம்மரை 1959-இல் நியூயார்க்கில் உருவாக்கியவர் ஜோயல் ஸ்பைரா. 1961-இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று வீடுகளில் எரிந்தது குண்டு பல்பு. அதன் இழை வெறும் கம்பி. எவ்வளவு மின்சாரம் வந்தாலும் அதற்கேற்பச் சூடாகும், அதற்கேற்ப ஒளிரும். நொடிக்கு 100 முறை வெட்டினாலும் இழை ஆறுவதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும், அதனால் கண்ணுக்கு மினுக்கல் தெரியாது. டிம்மரும் குண்டு பல்பும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை என்றே சொல்லலாம்.

எல்.இ.டி பல்பு வேறு மாதிரி. அதன் வயிற்றுக்குள் டிரைவர் என்ற சுற்று இருக்கிறது. அது மின்சாரத்தை வாங்கி, சீராக்கி, அளந்து எல்.இ.டி சில்லுகளுக்குக் கொடுக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி பல்புகள் போயின. கடைகளிலும் விலை இறங்கியது. சில ஆண்டுகளில் வீட்டுப் பல்புகள் எல்லாம் மாறிவிட்டன. சுவரில் இருந்த டிம்மர் மட்டும் மாறவில்லை. நான் காணும் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் சோதனை: ஒரு குண்டு பல்பு

என் பையில் எப்போதும் ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு இருக்கும். கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்புத் தர இன்றும் இதை வாங்குகிறார்கள். பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சுவிட்சை அணைத்து, எல்.இ.டி-யைக் கழற்றி, அதே ஹோல்டரில் இதை மாட்டி, குமிழை மெதுவாகத் திருகிப் பாருங்கள். அடியிலிருந்து உச்சி வரை நடுங்காமல் ஏறி இறங்கினால் டிம்மர் நன்றாக இருக்கிறது, சேராதது பல்புதான். குண்டு பல்பும் துடித்தால் டிம்மர், ஹோல்டர், வயர் என்று அடுத்ததைத் தேடலாம். ஸ்க்ருடிரைவரைத் தொடாமலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, இதை மூணாவது தடவையா மாத்தறேன், இன்னும் மினுக்கறது. இந்தத் தடவை நல்ல விலையுள்ளதாப் போட்டுடு" என்றார். குண்டு பல்பை மாட்டித் திருகிக் காட்டினேன். வெளிச்சம் வெண்ணெய் போல இறங்கியது. "அப்போ டிம்மர்ல கோளாறே இல்லையா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா, பல்பை மட்டும் மாத்துவோம்" என்றேன். டிம்மருக்கு ஏற்ற எல்.இ.டி போட்டதும் அந்த அறையில் மினுக்கல் நின்றது.

பல்புப் பெட்டியில் என்ன பார்ப்பது

சாதாரண எல்.இ.டி பல்பின் பெட்டியில் 100 முதல் 300 வோல்ட் வரை எரியும் என்பது போல அச்சிட்டிருப்பார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊருக்கு அது பெரிய வரம். ஆனால் டிம்மருக்கு அதுவே எதிரி. வரும் மின்சாரம் குறைந்தாலும் வெளிச்சத்தைக் குறையவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்த டிரைவரை அமைத்திருக்கிறார்கள். நீங்கள் டிம்மரைக் குறைக்கிறீர்கள். டிரைவர் அதை வோல்டேஜ் இறக்கம் என்று எடுத்துக்கொண்டு ஈடுகட்டுகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அதனால் தாக்குப்பிடிக்க முடியாமல் அணைகிறது, மறுபடி உயிர் பெறுகிறது, மறுபடி அணைகிறது. நாம் காணும் மினுக்கல் பல சமயம் இதுதான்.

ஆகவே பெட்டியில் 'டிம்மபிள்' என்று தெளிவாக எழுதிய பல்பையே வாங்குங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் டிம்மருக்கு ஆகாத பல்பு என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. 'நான் டிம்மபிள்' என்று எழுதிய பல்பை டிம்மரில் மாட்டி எரியவிடாதீர்கள். பல்பின் ஆயுள் குறையும். டிரைவர் சூடாகிக் கெடும்.

ஒரே டிம்மரில் உள்ள எல்லாப் பல்புகளும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். வேறுவேறு டிரைவர்கள் கலந்தால் ஒன்று முன்னால் அணையும், இன்னொன்று பின்னால் அணையும். சில நேரம் ஒன்றின் நடுக்கம் மற்றதையும் பிடித்துக்கொள்ளும். செல்போனில் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் பல்பை டிம்மர் உள்ள இணைப்பில் போடவே வேண்டாம். மங்க வைக்கும் வேலையை அது தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. அதற்கு முழு மின்சாரம் தடையில்லாமல் வர வேண்டும்.

பல்பு எரிந்து சூடான பிறகு மட்டும் மினுக்குகிறதா? முழு வெளிச்சத்திலும் மினுக்குகிறதா? அப்படியென்றால் டிம்மர் இல்லாத வேறொரு இடத்தில் அதே பல்பை மாட்டிப் பாருங்கள். அங்கும் துடித்தால் பல்புக்குள் கெப்பாசிட்டரோ சில்லு இணைப்போ தளர்ந்துவிட்டது. காற்றுப் போகாத கண்ணாடிக் கூட்டுக்குள் எரியும் பல்புகளில் இது சீக்கிரம் வரும்.

சுமை போதாத டிம்மர்

டிம்மரின் மேலேயோ பக்கவாட்டிலோ வாட்ஸ் அளவு அச்சிட்டிருக்கும். எல்லோரும் மேல் எல்லையை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கீழ் எல்லையை. ட்ரையாக் ஒருமுறை திறந்த பிறகு திறந்தே இருக்க ஓரளவு மின்னோட்டம் ஓடியாக வேண்டும். அது குறைந்தால் ட்ரையாக் பாதியிலேயே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கப் பார்க்கும். குமிழை அடிமட்டத்துக்குக் கொண்டுவரும்போது விளக்கு திக்கித் திணறுவது இதனால்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேல் நான்கு பல்பு தொங்கும் சரவிளக்கு. 40 வாட்ஸ் குண்டு பல்புகள் இருந்த காலத்தில் சுமை 160 வாட்ஸ். இப்போது 5 வாட்ஸ் எல்.இ.டி நான்கு, மொத்தம் 20 வாட்ஸ். சுவரில் இருப்பதோ 60 முதல் 400 வாட்ஸ் வரை தாங்கும் பழைய டிம்மர். 20 வாட்ஸ் அதன் கீழ் எல்லைக்கு எட்டவே இல்லை. டிம்மபிள் எல்.இ.டி போட்டும் ஏன் துடிக்கிறது என்று கேட்கிற வீடுகளில் நான் காண்பது பெரும்பாலும் இதையே.

இதற்கு வழி, எல்.இ.டி-க்கென்றே வரும் டிம்மர். அதில் கீழ் எல்லை சில வாட்ஸ்தான். இவற்றில் பல, அலையின் முன்பகுதியை வெட்டாமல் பின்பகுதியை வெட்டுபவை. அதனால் டிரைவருக்கு மின்சாரம் முட்டி மோதாமல் மெதுவாக ஏறும், சத்தமும் குறையும். எந்த வகைக்கு ஏற்றது என்பது பல்புப் பெட்டியிலோ டிரைவரின் குறிப்பிலோ இருக்கும். அதைப் பார்த்தே டிம்மரை எடுங்கள். மேல் எல்லையிலும் கவனம் வேண்டும். குண்டு பல்புக்கு 400 வாட்ஸ் என்று போட்ட டிம்மரில் 400 வாட்ஸ் எல்.இ.டி ஏற்றக்கூடாது. எல்.இ.டி டிரைவர் ஒவ்வொரு அரை அலையிலும் சட்டென்று மின்சாரத்தை இழுக்கும், டிம்மர் சூடாகும். எல்.இ.டி-க்கு எவ்வளவு என்று தனியாக எழுதியிருந்தால் அந்த எண்ணே கணக்கு.

நல்ல எல்.இ.டி டிம்மர்களில் கீழ் மட்டத்தைச் சரிசெய்ய ஒரு சிறு திருகு இருக்கும். விளக்கு நடுங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அதை நிறுத்திவிட்டால் குமிழ் அதற்குக் கீழே போகாது. பலருக்கு அதன் இருப்பே தெரிவதில்லை. மாட்டுகிறவரிடம் அதை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டர் டிம்மர் ஆகாது

நம் பக்கம் டிம்மரை "லைட் ரெகுலேட்டர்" என்றும் சொல்கிறோம். அதனால் கடையிலும் வீட்டிலும் ஒன்றுக்கு மற்றதை மாட்டிவிடுவது நடக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் நான்கு படி ஃபேன் ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வைத்து வேலை செய்பவை. அதில் எல்.இ.டி-யை இணைத்தால் எந்தப் படியில் வைத்தாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விளக்கு டிம்மரில் ஃபேனை இணைப்பது அதைவிட மோசம்: மோட்டார் முனகும், சூடாகும், டிம்மரும் கெடும். ஒரே சுவிட்ச் போர்டில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் வயர் மாறியிருக்க வாய்ப்புண்டு. புது வீட்டில் குடியேறிய உடனே புகார் வந்தால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சத்தமும் ஆவி வெளிச்சமும்

டிம்மருக்குள் ஒரு சுருள் கம்பி இருக்கிறது. மின்சாரத்தை வெட்டும்போது எழும் இரைச்சல் ரேடியோவுக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. நடு வெளிச்சத்தில் அலை உச்சியில் வெட்டப்படுவதால் அந்தச் சுருள் லேசாக அதிரும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும் கேட்கும் முனகல் பயப்பட வேண்டியதில்லை. கட்டிலில் படுத்திருக்கும்போது கேட்கிற சத்தம் சுமை பொருந்தாததன் அறிகுறி. சத்தம் பல்பிலிருந்து வருகிறதா சுவரிலிருந்து வருகிறதா என்று காது வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். "சடசட" என்று பொரிவது போன்ற சத்தம் என்றால் உடனே மெயினை அணையுங்கள். அது தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும் சத்தம்.

அணைத்த பிறகும் எல்.இ.டி மங்கலாக ஒளிர்வது, அல்லது சில நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுவது பலரைப் பயமுறுத்துகிறது. காரணம் கசியும் மிகச் சிறு மின்சாரம். குண்டு பல்பு அதைச் சட்டை செய்யாது. எல்.இ.டி அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒருமுறை மின்னிக் காட்டும். மூன்று இடங்களில் தேடுங்கள். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா? டிம்மரில் குமிழை அணைக்கும்போது "டக்" என்று உண்மையான சுவிட்ச் விழுகிறதா, அல்லது வெறும் மின்னணு அணைப்பா? சுவிட்ச் பேஸில் இருக்கிறதா, அல்லது யாரோ நியூட்ரலில் போட்டுவிட்டார்களா? மூன்றாவது ஆபத்தானது. சுவிட்ச் அணைந்திருந்தும் ஹோல்டரில் பேஸ் வந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கும். அதைக் கட்டாயம் மாற்றியமைக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் டிம்மர் கம்பெனிகளே விற்கும் பைபாஸ் பாகத்தை விளக்குப் பக்கம் இணைத்தால் போதும்.

ஹோல்டரும் பெட்டியும்

நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டு காது வைத்துத் திருகி மாட்டும் பின் ஹோல்டர். அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முனைகள் சூட்டில் தளர்ந்து உள்ளே அமுங்கிவிடும். பல்பை லேசாகத் தட்டினால் வெளிச்சம் வந்து போகிறதென்றால் ஹோல்டரை மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் தீரும் கோளாறு இது.

அடுத்தது சுவிட்ச் பெட்டி. எறும்பு கூடு கட்டியிருப்பதும், பல்லி கருகிக் கிடப்பதும், வெள்ளையடித்த சுண்ணாம்பு உள்ளே உதிர்ந்து குமிழின் தடத்தில் படிந்திருப்பதும் நான் அடிக்கடி காண்பவை. குமிழைத் திருகும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விளக்கு தாண்டிக் குதித்தால் அந்தத் தடம் தேய்ந்துவிட்டது. டிம்மரே பழுது என்று நான் மாற்றச் சொல்வது அப்போது மட்டும்தான். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பித்தளைத் திருகுகளில் பச்சை பூக்க வைக்கும். அங்கே இணைப்புகளை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

டிம்மர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு, தட்டு பழுப்பேறுவது, மீன் வாடையோ பிளாஸ்டிக் கருகும் வாடையோ வருவது என்று இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த விளக்கைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தளர்ந்த திருகு ஒன்று வீட்டையே எரிக்கப் போதும்.

வெளியிலிருந்து வரும் கோளாறு

ஓர் அறையில் மட்டும் மினுக்கினால் அந்த அறையிலேயே காரணம் இருக்கும். பல அறைகளில் ஒரே நேரத்தில் மினுக்கினால் டிம்மரை மறந்துவிடுங்கள். மிக்ஸி போட்டதும் ஓர் அறையில் விளக்கு மங்கி இன்னொரு அறையில் பிரகாசமானால் நியூட்ரல் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் சில பாயிண்டுகளுக்கு 400 வோல்ட் வரை ஏறக்கூடும். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போகும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்திலும் அதே நிலை என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் புகார் சொல்லுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் மட்டும் மினுக்குகிறதா? இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் விலை குறைவு என்று வாங்கிய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. டிம்மர் தன் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுவது ஏறி இறங்கும் அலையை வைத்து. அது சதுரமாக வந்தால் கணக்குத் தப்பும். சத்தமும் சூடும் கூடும். அப்படிப்பட்ட வீட்டில் டிம்மர் உள்ள விளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுவதே நல்லது.

ஸ்ட்ரிப்பும் பேனலும்

ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் எல்.இ.டி ஸ்ட்ரிப் 12 அல்லது 24 வோல்ட் டிசி-யில் எரிவது. அதன் அடாப்டருக்கு முன்னால் சுவர் டிம்மரைப் போட்டால் அடாப்டர் குழம்பும். அடாப்டருக்குப் பின்னால், ஸ்ட்ரிப்புக்கு முன்னால் போடும் டிசி டிம்மரே அதற்கு உரியது. பேனல் லைட்டுக்கு டிரைவர் தனியாக வெளியே தொங்கும். அந்த டிரைவரை மட்டும் டிம்மபிள் வகைக்கு மாற்றலாம். பேனலையே தூக்கிப் போடத் தேவையில்லை.

எதை எதிர்பார்க்கலாம், எதை நீங்களே செய்யலாம்

மின்கட்டணம் குறையும் என்று டிம்மர் வாங்க வேண்டாம். 9 வாட்ஸ் பல்பைப் பாதி சக்தியில் தினம் 4 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு மிச்சமாவது அரை யூனிட் அளவே. அதேபோல அளவுக்கருவி பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் என்று காட்டும் இடத்தில் நம் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு போலத் தெரியும். ஆகவே பெட்டியில் "10 சதவீதம் வரை குறையும்" என்று இருந்தால் படுக்கையறைக்கு அது போதாமல் போகலாம். இன்னும் கீழே இறங்கும் பல்பைக் கேளுங்கள். மங்க மங்கக் குண்டு பல்பு மஞ்சளாகும்; எல்.இ.டி பெரும்பாலும் நிறம் மாறாது. இரவு வெளிச்சம் இதமாக வேண்டுமென்றால் முதலிலேயே 2700 கெல்வின் பல்பாக வாங்குங்கள்.

பல்பை மாற்றுவது, குண்டு பல்புச் சோதனை, தட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பது, எந்த நேரத்தில் எந்த அறையில் மினுக்குகிறது என்று குறித்து வைப்பது, இவை எல்லோரும் செய்யக்கூடியவை. பெட்டியைத் திறக்கும் வேலை லைசன்ஸ் உள்ள வயர்மேனுக்கு உரியது. குமிழை அணைத்தாலும் டிம்மருக்குள் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். எம்.சி.பி-யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே நாங்களும் கை வைக்கிறோம்.

விளக்கு ஒழுங்காக எரியத் தொடங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். பல்பின் கம்பெனி, மாடல், வாட்ஸ், டிம்மரின் வகை, அதன் கீழ் எல்லை, இவற்றை ஒரு தாளில் எழுதி மெயின் போர்டு கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பல்பு போகும்போது வீட்டில் யார் கடைக்குப் போனாலும் சரியானதை வாங்கிவருவார்கள். வேலைக்கு வருகிற எலக்ட்ரீசியனும் யூகத்தில் எதையும் மாற்றத் தேவையிருக்காது.